கெசியாவின் வெள்ளிச் சட்டி

எங்கள் ஊரில் யார் கையில் கரண்டியைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பி அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் சூப்பில் விடுவார்கள். ஷெஃபீல்டில் பிறந்த குழந்தை பால் கிண்ணத்தையும் கவிழ்த்துப் பார்க்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அதில் கேலி ஒன்றும் இல்லை. என் அக்கா மகன் கவிழ்த்துப் பார்த்தான். வெறும் நிக்கல் என்று தெரிந்ததும் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அப்போது பேச்சே வந்திருக்கவில்லை.

வெள்ளி பூசிய சாமானில் இரண்டு இனம் உண்டு. ஒன்று பழைய தகடு. செம்புக் கட்டியின்மேல் வெள்ளியை வைத்து, உலையில் இரண்டையும் ஒட்டவைத்து, உருளையில் கொடுத்து நீட்டித் தகடாக்கி, அந்தத் தகட்டில் பாத்திரம் அடிப்பார்கள். எங்கள் முப்பாட்டன்மார் செய்தது அது. இன்னொன்று தொட்டிச் சாமான். அடித்து முடித்த பாத்திரத்தைத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் சாயங்காலத்துக்குள் வெள்ளி ஏறிவிடும். பழைய தகட்டுக்கு விலை அதிகம், தொட்டிச் சாமானுக்குப் பளபளப்பு அதிகம்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல வழிகள் உண்டு. பழைய தகட்டின் விளிம்புக்கு அடியில் நகத்தை இழுத்தால் வெள்ளியை மடித்துவிட்ட இடம் தட்டும். குடும்பச் சின்னம் செதுக்கிய இடத்தில் வாயால் ஊதினால் ஆவிக்குள் ஒரு வளையம் தெரியும். செதுக்கும்போது அடியிலுள்ள செம்பு வெளியே வந்துவிடக் கூடாதென்று அந்த இடத்தில் மட்டும் சுத்த வெள்ளியில் ஒரு வில்லை பதித்திருப்பார்கள். அதன் விளிம்புதான் அந்த வளையம். அப்புறம், தேய்ந்த இடங்களில் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தால் வியாபாரிக்கு வாயெல்லாம் பல், வீட்டுக்காரிக்கு மானம் போகும்.

ஜேபஸ் டைசன் மட்டும் இதையெல்லாம் செய்யமாட்டான். அவன் தலையால் கண்டுபிடிப்பான்.

ஏலக்காரர்களுக்கு முப்பது வருஷம் மதிப்புப் போட்டவன் ஜேபஸ். வீடு வீடாகப் போய், "இது இவ்வளவுதாம்மா பெறும்" என்று உண்மையைச் சொல்வான். சொன்னதும் வீட்டுக்காரர்கள் எந்தச் சாமானுக்கு விலை கேட்டார்களோ அதனாலேயே அவன் மண்டையில் போடுவார்கள். அப்படி மண்டை ஒரு கல்விமான் ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி வாங்கினால் போதும், உலோகம், வருஷம், பழுது எல்லாம் சொல்லிவிடுவான்.

இனி கெசியா கிரீவ்ஸ் செத்த கதைக்கு வருகிறேன். பெரிய போர் முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நிலக்கரிக்காரன் எடை குறைத்துவிட்டான் என்று அடுப்புக் கம்பியோடு அவனைத் துரத்திப் போனவள் எங்கள் தெருச் சரிவில் கால் இடறி விழுந்தாள். எங்கள் ஊர்ச் சரிவுகள் அப்படி. விழுந்தவள் ஆற்றங்கரையில்தான் நின்றாள். வயது எண்பத்தொன்று. ஒரு வாரம் படுக்கையில் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். நிலக்கரிக்காரனும் ஒரு மாதம் படுத்திருந்தான், ஆனால் அவனுக்கு அடி விழுந்தது அவள் விழுவதற்கு முன்.

அவள் மகன் ஆம்ப்ரோஸ் கிரீவ்ஸ். மலைமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த காசு சுண்டும் சூதாட்டத்துக்கு அவன்தான் ராஜா. எவன் ஜெயித்தாலும் ஆம்ப்ரோஸுக்குப் பங்கு போகும். அவனோடு கருத்து வேறுபட்டவர்களை ஊரில் எளிதாக அடையாளம் காணலாம். மூக்கு இடது பக்கம் திரும்பியிருக்கும்.

எங்கள் பக்கம் செத்தவருக்கு ஹாம் வைத்துச் சாப்பாடு போடாவிட்டால் அவரைப் புதைத்ததாகவே கணக்கில்லை. உப்பிட்ட பன்றித்தொடை, கடுகுச் சாறு, ஊறவைத்த பீட்ரூட், ரொட்டி, டீ, பிறகு ஒரு கருப்பு பியர். சாப்பாடு என் மதுக்கடை மாடியில் என்று ஏற்பாடு. 'மூன்று வாத்து' என்று என் கடைக்குப் பேர். அன்று மாலை வாசல் பெயர்ப்பலகையில் ஒரு வாத்துதான் மிச்சம் இருந்தது.

மேசை நடுவில் கெசியாவின் வெள்ளிச் சட்டி இருக்க வேண்டும் என்று ஆம்ப்ரோஸ் சொல்லிவிட்டான். பிரபுக்கள் வீட்டில் சாஸ் வைக்கும் பாத்திரம் அது. கைக்குழந்தையின் தலை அளவு, இரண்டு கைப்பிடி, மூடி, அடியில் ஒரு கால், வயிற்றில் செதுக்கிய பன்றித்தலைச் சின்னம். கெசியா சின்ன வயதில் ஒரு பிரபு மாளிகையில் சமையல் வேலை பார்த்தவள். வேலையை விட்டு வந்தபோது சட்டியும் கூட வந்தது. மாளிகைத் தலைமை வேலைக்காரர் கையால் கொடுத்த பரிசு என்று சொல்வாள். அவர் மறுக்கவில்லை. தாடை உடைந்திருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆம்ப்ரோஸுக்கு ஒரு மனக்குறை. சட்டி விளிம்பிலும் கைப்பிடியிலும் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. ஊர் முழுக்க வந்து பார்க்கிற இடத்தில் அம்மாவின் வெள்ளி தேய்ந்து போயிருப்பதா? சாவுக்கு நான்கு நாள் முன்பே, கெசியா படுக்கையில் கிடந்தபோதே, சட்டியை லெட்டி ஆக்ஸ்லியிடம் கொடுத்தான். லெட்டி பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறவள். பழுப்புக் காகிதத்தில் மேலங்கி, தலையில் சிவப்புத் துணி, முகமெல்லாம் எண்ணெயும் மணலும். பட்டறையின் பாலிஷ் சக்கரத்தில் வலது கை போனால் ரொட்டியும் போனது. வீட்டில் அரவைக்கல் தூசி நெஞ்சில் ஏறிப் படுத்துவிட்ட அப்பா. அவர் சாப்பிடுவதும் அந்த வலது கையால்தான் என்று சொல்ல வேண்டும்.

"செவப்பு ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாது" என்றான் ஆம்ப்ரோஸ்.

"தெரியாது" என்றாள் லெட்டி.

அதில்தான் எல்லாம் வந்தது. எங்கள் ஊரில் இரும்பையோ வெள்ளியையோ தொட்டு வேலை செய்யாத ஒரே ஆள் ஆம்ப்ரோஸ். தேய்த்தால் செம்பு இன்னும் சிவப்பாகும் என்பதும், வெள்ளையாக வேண்டுமென்றால் தொட்டியில்தான் முக்க வேண்டும் என்பதும் தெருவில் ஓடுகிற நாய்க்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. லெட்டியும் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். தொட்டிக்காரனிடம் கொடுத்தாள். தொட்டிக்காரன் வெள்ளிக்கிழமை சட்டியைத் தொங்கவிட்டுப் புறாப் பந்தயம் பார்க்கப் போனவன் திங்கள்கிழமைதான் திரும்பினான். மூன்று நாள் ஏறிய வெள்ளி. சட்டி கால் பங்கு கனம் கூடியிருந்தது. பன்றி கொழுத்திருந்தது.

அடக்கம் முடிந்து மாடியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சட்டியில் கடுகுச் சாறு ஊற்றி நடுவில் வைத்தேன். பனிப்பந்து போல மின்னியது. ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்தான். கெசியாவின் தங்கை மகன் சைலஸைப் பார்த்தான். சைலஸ் ராக் பழைய சாமான் வியாபாரி. மெலிந்த ஆள். பேசும்போது நம் சட்டைப் பொத்தானுக்கு விலை போட்டுக்கொண்டிருப்பான்.

சைலஸ் மூடியைத் திறந்தான். விளிம்பில் நகத்தை இழுத்தான். பன்றித்தலைமேல் வாயால் ஊதினான். துடைத்துவிட்டு இன்னொரு முறை ஊதினான்.

"அண்ணே, வளையம் தெரியல. நகம் வழுக்கிட்டுப் போவுது. இது தொட்டிச் சாமான், போன வருஷம் செஞ்சது. பெரியம்மா சட்டி இந்நேரம் லண்டன்ல எவன் கடை ஜன்னல்லயோ உக்காந்திருக்கு."

ஆம்ப்ரோஸ் எழுந்தான். லெட்டி மேசையின் கடைசியில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"உங்கம்மா சட்டி."

"எங்கம்மா சட்டி செவப்பா இருந்துச்சு."

"செவப்ப எடுக்கச் சொன்னது நீங்க."

"தொடச்சுல்ல எடுக்கச் சொன்னேன்."

"செம்பத் தொடச்சா செம்புதான் வரும், மிஸ்டர் கிரீவ்ஸ். வெங்காயத்த உரிச்சா உள்ள ஆப்பிளா இருக்கும்? தொட்டியில முக்கித்தான் வாங்கியாந்தேன். அதே சட்டிதான்."

"சைலஸ் இல்லங்கறான்."

"சைலஸு போன மாசம் எங்க பட்டறை முதலாளிகிட்ட பல்லு கட்டற தங்கம்னு பித்தளைய வித்தவன்."

சைலஸ் மேலே பார்த்தான். ஆம்ப்ரோஸ் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். அவன் குரல் தணிந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது வழக்கம். இழுத்துக்கொண்டார்கள்.

"இந்தச் சாப்பாடு முடியறதுக்குள்ள எங்கம்மா சட்டி இந்த மேசையில இருக்கணும். இல்லன்னா உன் வலது கை இருக்கும். நீயா வெக்கறியோ, நான் வெக்கட்டுமோ."

"மேசை விரிப்பு என்னுது" என்றேன் நான். "எடுத்துட்டு வெச்சுக்கங்க."

வாசலில் அவன் ஆட்கள் இரண்டு பேர் போய் நின்றார்கள். லெட்டி வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த மணலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தாள், அதனால் அது வெளுப்பது நன்றாகத் தெரிந்தது.

"நகமும் மூச்சும் மேலதான் பாக்கும். மேல இருக்கறது புதுசு. உள்ள இருக்கறதச் சொல்ற ஆளு இங்கேயே உக்காந்திருக்காரு. ஜேபஸ் மாமாவக் கேளுங்க."

ஜேபஸ் மூன்றாவது தட்டு ஹாமில் இருந்தான். "முடிச்சுட்டு வரேன்" என்றான். முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினான். அந்த மண்டையை நான் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் வரைபடம் மாதிரி ஏழு குன்று, ஐந்து பள்ளம்.

"ஏமாத்து இல்லன்னு தெரியணும்" என்றான் ஆம்ப்ரோஸ். "வேற சாமான்ல ஆரம்பி."

என் டீப் பாத்திரத்தால் ஒருவன் போட்டான்.

"நிக்கல். நெத்திக்குள்ள பள்ளிக்கூட மணி அடிக்குது. மூக்குல ஒட்டு போட்டிருக்கு. இத வாங்கினவன் ஏமாளி."

என் கல்யாணத்துக்கு நான் வாங்கியது அது. அடுத்து ஒரு தண்ணீர் ஜாடி.

"தகரக் கலவை. என் தலைக்கு ஒண்ணும் இல்ல, ஜாடிதான் அழுவுது."

ஜாடியைப் பார்த்தோம். அதன் வயிற்றில் ஜேபஸின் உச்சந்தலை அப்படியே பதிந்திருந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் அதை வெண்ணெய் அச்சாக வைத்திருந்தேன்.

ஆம்ப்ரோஸ் கடுகுச் சாற்றோடேயே சட்டியைத் தூக்கி, தானே போட்டான். ஜேபஸ் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து மேசைக்கடியில் போனான். இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. காதிலிருந்து ரத்தம் தரைப்பலகையில் சொட்டியது. லெட்டி மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். வேறு யாரும் குனியவில்லை.

"பழைய தகடு" என்றது அடியிலிருந்து குரல். "மொதல்ல மெத்துன்னு எறங்குது பாரு, அது செம்பு. பின்னாடியே ஒரு கனம் வருது, அது விளிம்புக்குள்ள ஊத்தின ஈயம். நூத்திமுப்பது வருசம் ஆவும். மேல புதுச் சட்ட போட்டிருக்கு. அவ்வளவுதான். நாப்பது பவுண்டுச் சாமான், சட்ட போட்டதால ஆறு."

"ஒரு தலை சொன்னா போதுமா?" என்றான் சைலஸ். "அதுவும் ஓட்டத் தலை."

ஆம்ப்ரோஸுக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டாவது சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. கெசியா நாற்பது வருஷமாகத் தன் வீட்டை அந்தச் சட்டியால்தான் நடத்தினாள். அந்த அறையில் அவளிடம் அதனால் அடி வாங்காத பெரியவர்கள் குறைவு. அவள் தம்பி ஈனோக் தானாக முன்னால் வந்து தலையைக் குனிந்தான். அடி விழுந்ததும் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா" என்று அழுதான். "அக்காவேதான்."

அடுத்து கெசியா வீட்டில் பதினெட்டு வருஷம் குடியிருந்த பாட் என்பவன் வந்தான். தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவன். அடியை நின்றபடியே வாங்கினான். யோசித்தான்.

"இது இல்ல" என்றான். "அவங்க அடி எனக்குத் தெரியாதா? காதுக்கு மேல ஒரு இழுப்பு இருக்கும். இதுல இழுப்பே இல்ல."

"இழுப்பு கையில இருக்கறது, சட்டியில இல்லடா" என்றான் ஈனோக் தரையிலிருந்து.

"நான் பதினெட்டு வருசம் வாங்கியிருக்கேன்."

"நான் பொறந்ததுலேருந்து வாங்கறேன். எங்க அக்கா அடிய எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? வாடகைக்கு இருந்த நாயே."

ஈனோக் எழாமலேயே பாட்டின் முழங்காலை அடுப்போரம் கிடந்த கம்பியால் பின்பக்கம் வளைத்தான். முழங்கால் அந்தப் பக்கம் வளைகிற மாதிரி செய்யப்பட்டதல்ல. பாட் விழும்போது பீட்ரூட் தட்டைப் பிடித்தான், தட்டோடு ஈனோக்கின் முகத்தில் விழுந்தான். யார் ரத்தம், எது பீட்ரூட் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை.

கெசியாவின் சொந்தங்கள் ஈனோக் பக்கம் வந்தார்கள். குடித்தனக்காரர்களும் அவள் கையால் அடிபட்ட அக்கம்பக்கமும் பாட் பக்கம் போனார்கள். யாரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் அடிதடி வேலை மாதிரி, வாயை மூடிக்கொண்டு செய்வோம். நாற்காலி முதுகில் உடைகிற சத்தம், பல் தரையில் உருளுகிற சத்தம், இவ்வளவுதான். ஒருவன் ஹாம் எலும்பால் அடித்துக்கொண்டு வந்தான், எதிரில் வந்தவன் அதை மூன்று தடவை கடித்துவிட்டுத்தான் விழுந்தான். இன்னொருவன் ஜன்னல் வழியாகப் போனான். போகிற வழியில் என் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாத்துகளோடு இறங்கினான். பாதிரியார் சண்டையை விலக்க வந்தார். கெசியா ஒருமுறை அவரையும் அடித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பாட் கட்சி.

இதற்கு நடுவில் ஆம்ப்ரோஸ் பொறுமை இழந்தான். என் சமையலறைக்குப் போய் எலும்பு வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தான். அகலமான கத்தி, எங்கள் ஊர் எஃகு. வாசலில் நின்ற இரண்டு பேரும் லெட்டியைப் பிடித்தார்கள். ஒருவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தான். அவள் அவன் கட்டை விரலைக் கடித்து எலும்பு தட்டுகிற வரை விடவில்லை. இன்னொருவன் அவள் வலது முழங்கையை மேசைமேல் வைத்து அழுத்தினான். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எங்கடி அந்தச் சட்டி?"

"உன் மூக்குக்கு நேரா இருக்குடா, குருட்டுப் பன்னி."

அவன் கத்தியை ஓங்கினான். லெட்டிக்கு இடது கை மட்டும் மிச்சம். பக்கத்தில் கவிழ்ந்து கடுகுச் சாறு கொட்டிக்கொண்டிருந்த சட்டியை அதனால் இழுத்தாள், வலது கையை மணிக்கட்டு வரை அதற்குள் விட்டாள். கத்தி இறங்கியது.

நிக்கலாக இருந்திருந்தால் வழுக்கியிருக்கும். தகரக் கலவையாக இருந்திருந்தால் கைவரைக்கும் போயிருக்கும். பழைய தகடு அப்படிச் செய்யவில்லை. கத்தியைக் கவ்வியது. பன்றித்தலை நடுவில் பிளந்தது, சட்டியின் வயிறு உள்ளே மடிந்து அவள் கையை இறுக்கிப் பிடித்தது. லெட்டி கத்தினாள். அன்று அந்த அறையில் யாராவது கத்தியது அப்போதுதான்.

கத்தி வெட்டிய வாயை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் வெட்டு சிவப்பு, செம்பு. பன்றியின் நெற்றி இருந்த இடத்தில் மட்டும் தகடு முழுக்க வெள்ளை, அடிவரைக்கும் வெள்ளை. பதித்த வில்லை. போன வருஷத்துத் தொட்டிச் சாமானுக்கு எவனும் வெள்ளி வில்லை பதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டான்.

"ஆம்ப்ரோஸ், வெட்டின எடத்தப் பாரு" என்றேன்.

அவன் பார்க்கவில்லை. மறுபடியும் ஓங்குவதற்காகக் கத்தியை ஆட்டி உருவினான். உருவின வேகத்தில் ஒரு அடி பின்னால் போனான். முழங்கையைப் பிடித்திருந்தவன் கத்திக்குப் பயந்து பிடியைத் தளர்த்தியிருந்தான். லெட்டி சட்டியோடு கையைத் தூக்கினாள். பன்னிரண்டு வருஷம் சக்கரத்தில் அழுத்திய தோள் அது. சுழற்றி ஆம்ப்ரோஸின் இடது காதுக்கு மேலே போட்டாள்.

அவன் மேசைமேல் விழுந்தான், மேசை உடைந்தது, அடுப்பின் முன் இருந்த இரும்புச் சட்டத்தையும் பெயர்த்துக்கொண்டு தரையில் மல்லாந்தான். கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. மல்லாந்தபடியே பேசினான். பெரியவன் குரல் இல்லை அது.

"நான் எடுக்கலம்மா" என்றான். "அலமாரியில இருந்த காசு நான் எடுக்கல. சைலஸ்தான் எடுத்தான்."

ஈனோக் தரையில் கிடந்தபடியே தொப்பியைத் தேடி எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். பாதிரியாரும் கையிலிருந்த நாற்காலிக் காலைக் கீழே போட்டார். சட்டி யாருடையது என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் லெட்டியின் கை வரவில்லை. மடிந்த தகடு மணிக்கட்டுக்கு மேலே கவ்விக்கொண்டிருந்தது. தோல் தெரிந்த இடம் சிவந்து, பிறகு ஊதா நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. உள்ளே கடுகுச் சாறு வேறு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெரல் இருக்கா?" என்றான் ஜேபஸ். மேசை உடைந்துவிட்டதால் அவன் இப்போது வெளியில் கிடந்தான்.

"தெரியல. மொதல்ல எரிஞ்சுது. இப்ப எரியல."

"எரியலன்னா நல்லதில்ல. கத்தரி கொண்டாங்க, தகடு வெட்டற கத்தரி."

கத்தரிக்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை. எதிர்ப் பட்டறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். சைலஸ் குறுக்கே நின்றான். குனிந்து வெட்டு வாயைத் தடவிப் பார்த்தான், முகமே மாறிவிட்டது.

"கத்தரியக் கீழ வைய்யா. அண்ணே, எந்திரி, இதக் கேளு. இது அசலு. இந்தப் பன்னித்தலை பெரிய எடத்துச் சின்னம். மேல் முலாம உரிச்சுடலாம், வெட்டு ஒண்ணுதான், உள்ளேருந்து பத்தவெச்சா தெரியாது. ஆள் இருக்கு என்கிட்ட, நாப்பது பவுண்டு கண்ண மூடிட்டுத் தருவான். கத்தரி பட்டுச்சுன்னா ஓட்டச் செம்பு விலைதான். கை வீங்கியிருக்கு, அவ்வளவுதான். ரெண்டு நாள்ல வத்திடும், தானா கழண்டு வரும்."

"ரெண்டு நாள் கழிச்சுக் கழண்டு வர்றது என் கையா இருக்கும்" என்றாள் லெட்டி.

"நீ வாய மூடு. நான் இழுக்கறேன், இரு." சைலஸ் ஒரு காலை அவள் நாற்காலியில் ஊன்றி, சட்டியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் திருகினான். அவள் மணிக்கட்டில் ஏதோ சொடுக்கியது.

ஆம்ப்ரோஸ் எழுந்து உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சட்டியின் மூடியை எடுத்தான். எழுந்து, தட்டாமாலை சுற்றுகிறவனைப் போல் ஒரு தடவை தள்ளாடிவிட்டு, மூடியின் விளிம்பால் சைலஸின் முகத்தில் அடித்தான். மூக்கு இடது பக்கம் திரும்பியது. இரண்டாவது அடிக்கு முன்பல் போனது. மூன்றாவதை அவன் அடித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அடித்தான்.

"மூடியும் அசலுதான்" என்றான் ஜேபஸ், சத்தத்தைக் கேட்டுவிட்டு.

ஆம்ப்ரோஸ் கத்தரியை என்னிடமிருந்து வாங்கினான். லெட்டி எதிரில் மண்டியிட்டான். சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அந்த வெட்டை அப்போதுதான் பார்த்தான். சிவப்பு, நடுவில் வெள்ளை, மறுபடி சிவப்பு. வெகுநேரம் பார்த்தான். நானே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

"கை போயிடும், ஆம்ப்ரோஸ்."

"நீ வெட்டு" என்றான் ஈனோக்கிடம் கத்தரியை நீட்டி.

"அக்காவோடத நான் வெட்டமாட்டேன்."

பாதிரியாரிடம் நீட்டினான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் இருந்த இரண்டு பேரில் ஒருவனுக்குக் கட்டை விரல் மடங்கவில்லை, இன்னொருவன் படியிறங்கிப் போயிருந்தான்.

ஆம்ப்ரோஸே வெட்டினான். விளிம்பில் ஈயம் ஊற்றிய இடம் லேசில் விடவில்லை. கத்தரியை முழங்காலில் ஊன்றி உடம்பு முழுக்க அழுத்தினான். நெற்றி நரம்பு புடைத்தது, காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டிமேல் சொட்டியது. பன்றியின் தாடையைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, சட்டியின் அடிக்கால்வரை வெட்டி, ஆரஞ்சுத் தோலை விரிப்பதுபோல் இரண்டு கையாலும் தகட்டை விரித்தான். அவன் உள்ளங்கையும் கிழிந்தது. விடவில்லை.

கை வெளியே வந்தது. மஞ்சளும் ஊதாவும் சிவப்புமாக, அவித்த மாதிரி. நடுவிரல் கணுவில் கத்தி தொட்ட ஒரு கோடு, எலும்பு தெரிந்தது. ஐந்து விரலும் இருந்தன.

"ஆட்டு" என்றான் ஆம்ப்ரோஸ்.

லெட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கட்டை விரல். பிறகு மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. சுண்டுவிரல் மட்டும் யோசித்தது.

"எரியுது" என்றாள்.

"நல்லது" என்றான் ஜேபஸ்.

"சக்கரத்துல வேலை செய்யுமா?" என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.

உடைந்த மேசையின் சரிவில் ஒரு தட்டு மட்டும் எப்படியோ உடையாமல் நின்றது, அதில் ஒரு துண்டு ஹாம். லெட்டி அதை நோக்கி வலது கையை நீட்டினாள். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், இடது கையால் என்னைத் தள்ளிவிட்டாள். மூன்றாம் தடவை பிடித்தாள், வாய்வரை கொண்டுபோனாள், மென்றாள். அறையில் நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

அவள் விழுங்குகிற வரை ஆம்ப்ரோஸ் மண்டியிட்டபடியே இருந்தான். பிறகு மடியில் கிடந்த தகட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் தேடி, இன்னொரு துண்டு ஹாமை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து, அவள் தட்டில் வைத்தான்.